திரை போட மாட்டேன்னு சொன்ன ஓனர்

2024 நவம்பர் 10, ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எங்க டீம் டல்லாஸ் கவ்பாய்ஸுக்கும் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச், டெக்சஸ் அர்லிங்டன்ல இருக்கிற ஏடி அண்ட் டி ஸ்டேடியத்துல. பந்து எண்ட் ஸோனுக்கு, அதாவது அங்க பிடிச்சா பாயிண்ட் கிடைக்கிற மைதானத்தோட கடைசிப் பகுதிக்கு வருது, பந்தைப் பிடிக்கிற எங்க ரிசீவர் சீடீ லேம்ப் கையைத் தூக்கிட்டு நிக்கிறான், பந்து அவனைத் தாண்டிப் போய் விழுது. டிவியில பாத்த எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல, ஏன்னா லேம்ப் மாதிரி ஒரு ரிசீவர் அப்படி விடுற பந்து இல்ல அது. ரீப்ளேயில பாத்தாதான் தெரியுது, அவன் மூஞ்சி முழுக்க வெயில். அந்த ஸ்டேடியத்தைக் கிழக்கு மேற்கா கட்டி ரெண்டு பக்கமும் ராட்சசக் கண்ணாடிச் சுவர் வெச்சிருக்காங்க, அக்டோபர் நவம்பர்ல சாயங்கால வெயில் அந்த மேற்குக் கண்ணாடி வழியா நேரா மைதானத்துக்குள்ள இறங்கும், எண்ட் ஸோன்ல நிக்கிறவனுக்குப் பந்து எங்க வருதுன்னே தெரியாது. அன்னிக்கு 34-6னு தோத்தோம். அந்த ஒரு பந்தாலதான் தோத்தோம்னு நான் சொல்லல, மொத்தமாவே மோசமா ஆடினோம். ஆனா மேட்ச் முடிஞ்சு லேம்ப்கிட்ட திரை போடணுமான்னு கேக்குறாங்க, ஆமா, கண்டிப்பா போடணும்னு அவன் சொல்றான். ஓனர் ஜெர்ரி ஜோன்ஸ்கிட்ட போய்க் கேக்குறாங்க. அவர் சொன்ன பதில், அப்படின்னா ஸ்டேடியத்தையே இடிச்சிட்டு வேற ஒண்ணு கட்டிடலாமான்னு.

இதுல எனக்கு ஆறாத விஷயம் என்னன்னா, திரை ஏற்கெனவே இருக்கு. கச்சேரி, வேற நிகழ்ச்சின்னா அந்த ஸ்டேடியத்துல கண்ணாடியை மூடுறாங்க. ஃபுட்பால் ஆடும்போது மட்டும்தான் மூட மாட்டாங்க. சொந்த டீமோட நம்பர் ஒன் ரிசீவர், அந்த ஆகஸ்ட்லதான் 4 வருஷத்துக்கு 13.6 கோடி டாலர் சம்பளம்னு இதே ஓனர்கிட்ட கையெழுத்துப் போட்டவன், எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்றான், ஓனர் அந்த வெயில் ரெண்டு டீமுக்கும்தானே அடிக்குதுங்கிறார்.

நான் டல்லாஸ் பக்கம் வேலைக்கு வந்து பல வருஷம் ஆச்சு. வந்த புதுசுல இந்த ஆட்டம் ஒண்ணும் புரியாது, பத்து செகண்டு ஆடுறாங்க, ஒரு நிமிஷம் நிக்கிறாங்க, என்னடா இதுன்னு இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் இருந்தார், டெக்சஸ்லயே பொறந்து வளந்தவர், இப்போ ரிட்டயர் ஆயிட்டார். அவர்தான் மதியச் சாப்பாட்டு நேரத்துல பேப்பர்ல கோடு போட்டுப் போட்டு எனக்கு டவுன்னா என்ன, பிளிட்ஸ்னா என்ன, ஏன் நாலாவது டவுன்ல பந்தை உதைச்சுத் தள்ளுறாங்கன்னு சொல்லிக்கொடுத்தார். அவர் கவ்பாய்ஸ் ரசிகர்ங்கிறதால நானும் கவ்பாய்ஸ் ரசிகன். அதோட சேர்த்து அவர்கிட்ட இருந்த ஜெர்ரி ஜோன்ஸ் மேல ஒரு தீராத கோபமும் எனக்கு வந்து சேந்துச்சு. அந்தக் கோபம் நியாயமா இல்லையான்னு யோசிச்சு யோசிச்சுதான் இதை எழுத உக்காந்தேன்.

முதல்ல இந்த லீக் எப்படி ஓடுதுன்னு சொல்லிடறேன், இல்லன்னா ஓனரைப் பத்தி ஏன் இவ்வளவு பேசுறேன்னு புரியாது. என்எஃப்எல்ங்கிற இந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல 32 டீம். டிவிக்காரங்க குடுக்கிற தேசிய ஒப்பந்தப் பணத்தை 32 பேரும் சரிசமமா பிரிச்சுக்கிறாங்க, இது 1960கள்லயே வந்த பழக்கம், நியூயார்க் மாதிரி பெரிய ஊர் டீம்களே ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சது. 1994ல இருந்து சேலரி கேப் இருக்கு, அதாவது ஒரு டீம் ஆட்டக்காரங்களுக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு ஒரு உச்சவரம்பு, 2025ல அது 27.92 கோடி டாலர். எவ்வளவு பெரிய பணக்காரனா இருந்தாலும் அதுக்கு மேல போக முடியாது. காலேஜ்ல இருந்து புது ஆளுங்களை எடுக்கிற டிராஃப்ட்ல, போன வருஷம் கடைசியா வந்தவனுக்குத்தான் முதல் சான்ஸ். ஐரோப்பாவுல மாதிரி தோத்தா கீழ டிவிஷனுக்குத் தள்ளுற கதையும் கிடையாது.

எல்லாரையும் ஒரே தராசுல நிறுத்துறதுக்குன்னே பண்ணின ஏற்பாடு இது. ஒரே பணம், ஒரே உச்சவரம்பு, தோத்தவனுக்குக் கூடுதல் சான்ஸ். அப்படின்னா 20, 30 வருஷம் எடுத்துப் பாத்தா எல்லா டீமும் கிட்டத்தட்ட சமமா ஜெயிச்சிருக்கணும் இல்லையா? அப்படி நடக்கல. சில டீம் எப்பவும் நல்லா இருக்கு, சில டீம் எப்பவும் குப்பையா இருக்கு, சில டீம் எங்களை மாதிரி ஜனவரி வரைக்கும் ஆசை காட்டிட்டுக் கவுத்துவிடுது. ஆட்டக்காரன் 3 வருஷத்துல மாறிடுறான், கோச் 4 வருஷத்துல மாறிடுறார். மாறாம இருக்கிறது ஒரே ஆள்தான், ஓனர். லீக் எல்லாத்தையும் சமப்படுத்திடுச்சு, அந்த ஒரு ஆளை மட்டும் சமப்படுத்த முடியல. மோசமா ஆடினா ஆட்டக்காரனை வெட்டுவாங்க, தோத்தா கோச்சை அனுப்புவாங்க, தப்பான ஆளை டிராஃப்ட் பண்ணினா ஜெனரல் மேனேஜரை அனுப்புவாங்க. ஓனரை யார் அனுப்புறது?

கவ்பாய்ஸ்ல இன்னொரு கூத்தும் இருக்கு, இங்க ஜெனரல் மேனேஜரும் ஜோன்ஸேதான். 1989ல இருந்து அந்தப் பதவியை வேற யாருக்கும் குடுக்கல. வேற எந்த ஊர்லயாவது ஒரு ஜெனரல் மேனேஜர் இப்படி 30 வருஷம், லீக்கோட இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கு முந்தின கான்ஃபரன்ஸ் ஃபைனல்கூட பாக்காம இருந்தா மூணு தடவை வேலை போயிருக்கும்.

1989 கதையை அந்தப் பெரியவர் சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். அந்த பிப்ரவரியில ஆர்க்கன்சாஸ்ல இருந்து எண்ணெய், எரிவாயு பிசினஸ்ல காசு பண்ணின ஒரு ஆள் வந்து 14 கோடி டாலருக்கு டீமை வாங்குறார். அப்போ டீம் நஷ்டத்துல ஓடிட்டு இருந்துச்சு. வாங்கின அன்னிக்கே டாம் லாண்ட்ரியை வேலையை விட்டுத் தூக்குறார். லாண்ட்ரின்னா யாரு, 1960ல டீம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து 29 வருஷம் ஒரே கோச், ரெண்டு சூப்பர் பவுல், 1966ல இருந்து 1985 வரைக்கும் தொடர்ந்து 20 சீசன் தோல்வியை விட வெற்றி அதிகம். அவரை ஆஸ்டின் பக்கம் கோல்ஃப் ஆடிட்டு இருந்த இடத்துக்கே போய் சொல்லிட்டு வந்தாங்க. அப்புறம் ஏப்ரல்ல லாண்ட்ரிக்காக டல்லாஸ்ல ஊரே திரண்டு ஒரு ஊர்வலம் நடத்துச்சு, அதுல பெரியவரும் நின்னாராம், எங்க அப்பாவை வேலையை விட்டு அனுப்பின மாதிரி இருந்துச்சுப்பான்னு சொல்வார்.

ஆனா ஒண்ணு, முடிவு தப்பில்ல. லாண்ட்ரியோட கடைசி வருஷம் 3-13, அதாவது 3 வெற்றி, 13 தோல்வி. ஜோன்ஸ் கொண்டுவந்த ஜிம்மி ஜான்சன் அவரோட காலேஜ் டீம் தோழர், 1964ல ரெண்டு பேரும் ஆர்க்கன்சாஸ் யூனிவர்சிட்டிக்கு ஒண்ணா ஆடினவங்க. ஜான்சன் முதல் வருஷம் 1-15. ஊரே சிரிக்குது. அந்த சீசன் நடுவுலயே டீம்ல இருந்த ஒரே பெரிய நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் குடுத்துட்டு மூட்டை நிறைய டிராஃப்ட் பிக், அதாவது டிராஃப்ட்ல ஆள் எடுக்கிற சான்ஸ், வாங்குறாங்க, அது ஜான்சன் போட்ட கணக்குன்னுதான் பெரும்பாலும் எல்லாரும் சொல்றாங்க. எம்மிட் ஸ்மித், டாரன் வுட்சன் எல்லாம் அந்த பிக்குகள் வழியா வந்தவங்கதான். புது ஓனர், 1-15, ஊர் முழுக்கத் திட்டுது, இருக்கிற ஒரே ஸ்டாரையும் வித்துட்டோம், இந்த இடத்துல பயந்து கோச்சை மாத்தியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். ஜோன்ஸ் பயப்படல. அந்தத் தைரியமும் அதே ஈகோவுல இருந்து வந்ததுதான், அதை நான் மறைக்க மாட்டேன். 1993 ஜனவரியில பஃபலோ டீமை 52-17னு அடிச்சு சூப்பர் பவுல், அடுத்த வருஷம் அதே பஃபலோவை 30-13னு அடிச்சு இன்னொண்ணு. நாலு வருஷத்துல 1-15ல இருந்து அங்க.

இனிமேதான் எனக்கு வயிறு எரியற பகுதி. 1994 மார்ச், ஆர்லாண்டோவுல லீக் கூட்டம். ரெண்டாவது கோப்பை ஜெயிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல. ஒரு பார்ட்டியில ஜான்சன் பழைய ஸ்டாஃப் ஆளுங்களோட ஒரு டேபிள்ல உக்காந்து பேசிட்டு இருக்கார், ஜோன்ஸ் அங்க போய் கிளாஸைத் தூக்கி நம்ம சாம்பியன்ஷிப்புக்குன்னு சியர்ஸ் சொல்றார், அந்த டேபிள்ல யாரும் சரியா முகம் குடுக்கல. அவ்வளவுதான் நடந்தது. அன்னிக்கு ராத்திரியே ஹோட்டல் பார்ல பத்திரிகைக்காரங்ககிட்ட போய், இந்த ஆளை அனுப்பிடுவேன், இந்த டீமை வெச்சு 500 கோச் சூப்பர் பவுல் ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்லிட்டார். மாசம் முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு.

அந்த 500 கோச் வார்த்தையை நான் பல நாள் யோசிச்சிருக்கேன். கோச் தப்புப் பண்ணல, சம்பளத் தகராறு இல்ல, டீம் தோக்கல. யார் செஞ்சதுன்னு ஊர் சொல்லணும்ங்கிறதுதான் சண்டையே. ஓனருக்குக் கோப்பை கிடைச்சிருச்சு, அது போதல, அந்தக் கோப்பையை நான்தான் ஜெயிச்சேன்னு ஃபுட்பால் தெரிஞ்சவங்க வாயால கேக்கணும். பணம் குடுத்து டீமை வாங்கலாம், ஸ்டேடியம் கட்டலாம், ஆனா இவருக்கு ஆட்டம் தெரியும்ங்கிற பேரை மட்டும் விலைக்கு வாங்க முடியாது. அதனாலதான் அதுக்கு அப்படி ஏங்குறாங்கன்னு நினைக்கிறேன். ஓனர் செலவு பண்றதாலயோ கோபப்படுறதாலயோ டீம் பெருசா கெடுறதில்ல. அந்தப் பேருக்கு ஆசைப்படுற நாள்ல இருந்து கெட ஆரம்பிக்குது, ஏன்னா அந்தப் பேரு வேணும்னா பக்கத்துல உண்மையிலேயே திறமைசாலி ஒருத்தன் இருக்கக் கூடாது. இருந்தா பேரு அவனுக்குப் போயிடும்.

இதை நான் ஆபீஸ்லயும் பாத்திருக்கேன். முன்னாடி ஒரு சின்ன கம்பெனியில இருந்தேன், பேரு வேண்டாம். நாங்க எட்டு பேர் ஆறு மாசம் ராத்திரி பகலா உக்காந்து ஒண்ணை முடிச்சோம், அது நல்லா ஓடுச்சு. வாடிக்கையாளர் மீட்டிங்ல ஒருத்தர் எங்க டீம் லீடைப் பாத்து, இதை டிசைன் பண்ணினது நீங்கதானேன்னு பாராட்டினார். முதலாளி முகம் அப்படியே மாறினதை நான் பக்கத்துல இருந்து பாத்தேன். மூணு மாசத்துல அந்த டீம் லீட் வேலையை விட்டுப் போயிட்டார், போக வெச்சாங்க. அதுக்கப்புறம் அந்த ப்ராடக்ட் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. அதனாலயோ என்னமோ ஆர்லாண்டோ கதை கேக்கும்போதெல்லாம் எனக்கு நேர்ல பாத்த மாதிரி இருக்கும்.

ஜான்சன் போன பிறகு பாரி ஸ்விட்சர் வந்தார், 1996 ஜனவரியில இன்னொரு சூப்பர் பவுல் வந்துச்சு, பிட்ஸ்பர்கை 27-17. பாத்தியா, 500 கோச்னு நான் சொன்னது சரிதானேன்னு அன்னிக்குத் தோணியிருக்கும். அதுதான் விஷமே. ஏன்னா அந்த டீம்ல முக்கியமான ஆளுங்க முக்காவாசிப் பேர் ஜான்சன் சேத்துவெச்சவங்க. அந்தச் சொத்து தீந்ததும் தீந்துச்சு. அந்த ஜனவரிக்கு அப்புறம் 30 வருஷமா சூப்பர் பவுலை விடுங்க, அதுக்கு முந்தின கான்ஃபரன்ஸ் ஃபைனல்கூட இல்ல. ஜான்சனையும் சேத்து ஜோன்ஸ் 9 ஹெட் கோச் பாத்துட்டார். அதுல பார்செல்ஸ் மாதிரி பெரிய தலையும் உண்டு. கோச் மாறினாங்க, பந்தை வீசி ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் மாறினாங்க, ஸ்டேடியமே மாறுச்சு.

சரி, இவர் சொல்றது எப்பவுமே தப்பா? இல்ல. 2014 டிராஃப்ட்ல ஜோன்ஸுக்கு குவார்ட்டர்பேக் ஜானி மான்சியல் வேணும். டெக்சஸ் பையன், காலேஜ்ல பெரிய பேரு, ஜெர்சி பிச்சுக்கிட்டு விக்கும். அவர் மகன் ஸ்டீஃபனும் ஸ்கவுட்டிங் ஆளுங்களும் வேண்டாம், ஆஃபன்சிவ் லைன்ல, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்துற வரிசையில ஆடுற ஜாக் மார்ட்டினை எடுப்போம்னு பிடிவாதமா நின்னாங்க. கடைசியில ஜோன்ஸ் மனசில்லாம விட்டுக்குடுத்தார், எனக்கு மான்சியல்தான் வேணும்னு இருந்துச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். மான்சியலை கிளீவ்லாண்ட் எடுத்துச்சு, ரெண்டு சீசன்ல அனுப்பிட்டாங்க. மார்ட்டின் 9 தடவை ப்ரோ பவுல்ங்கிற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானான், லைன்ல கார்டுங்கிற இடத்துல ஆடுறவங்கள்ல இந்தத் தலைமுறையோட மிகச் சிறந்தவங்கள்ல ஒருத்தன். லைன்ல ஆடுறவன் பேரு யாருக்கும் தெரியாது, அவன் ஜெர்சியைக் குழந்தைங்க போட்டுக்கிறதில்ல, ஆனா குவார்ட்டர்பேக் உயிரோட நிக்கிறது அவனால. ஒரே ஒரு தடவை, வேண்டாம்னு எதிர்ல சொல்ற ஆள் ரூம்ல இருந்ததால கிடைச்ச பலன் இது. சொன்னவன் சொந்த மகன். சம்பளத்துக்கு இருக்கிறவன் எத்தனை தடவை அப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு நோய், கடைசி நிமிஷ வியாபாரம். லேம்ப், எங்க குவார்ட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட் ரெண்டு பேரோட ஒப்பந்தத்தையும் 2024ல இழுத்தாங்க இழுத்தாங்க இழுத்துக்கிட்டே இருந்தாங்க. டாக் கையெழுத்துப் போட்டது சீசன் முதல் மேட்ச் அன்னிக்குக் காலையில, 4 வருஷம் 24 கோடி டாலர், வருஷத்துக்கு 6 கோடி, அப்போ லீக்லயே அதிகம். இந்த மார்க்கெட்ல ஒவ்வொரு மாசமும் வேற எவனாவது கையெழுத்துப் போட்டு ரேட்டை ஏத்துவான், அதனால நல்ல டீம்கள் முன்கூட்டியே முடிச்சுடும். இங்க மட்டும் கோடை முழுக்க இழுபறி. கோடை முழுக்க கவ்பாய்ஸ் பேரு டிவியில வந்துகிட்டே இருக்கும், மைக் முன்னாடி ஜோன்ஸ் நின்னுகிட்டே இருப்பார். சேலரி கேப் இருக்கிற லீக்ல தாமதத்துக்குக் குடுக்கிற ஒவ்வொரு டாலரும் வேற ஒரு ஆட்டக்காரனோட சம்பளம்.

2025ல மைக்கா பார்சன்ஸ் விஷயத்துல இது உச்சத்துக்குப் போச்சு. அந்த டீமோட சிறந்த டிஃபன்ஸ் ஆள், 26 வயசு. ஜோன்ஸ் அவனோட ஏஜென்ட்டை ஒதுக்கிட்டு நேரா அவன்கிட்டயே பேசி, பேசி முடிச்சாச்சுன்னு நினைச்சுக்கிட்டார். ஏஜென்ட் இல்லாம முடிக்க மாட்டேன்னு பையன் சொல்லிட்டான். ஆகஸ்ட் 28, சீசன் ஆரம்பிக்க ஒரு வாரம், பார்சன்ஸை கிரீன் பே பாக்கர்ஸுக்குக் குடுத்துட்டாங்க, டிராஃப்ட்ல ரெண்டு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கும் கென்னி கிளார்க்ங்கிற டிஃபன்ஸ் ஆளையும் வாங்கிக்கிட்டு. பாக்கர்ஸ் அவனுக்கு 4 வருஷத்துக்கு 18.8 கோடி டாலர் உடனே குடுத்துச்சு.

அந்த பாக்கர்ஸுக்கு ஓனரே கிடையாது. விஸ்கான்சின்ல ஒரு லட்சம் பேர் இருக்கிற சின்ன ஊரு, 1923ல இருந்து லாப நோக்கமில்லாத பொதுக் கம்பெனியா ஓடுது, 5 லட்சத்துக்கும் மேல பங்குதாரர்கள், ஒருத்தருக்கும் டிவிடெண்ட் கிடையாது. இனிமே இப்படி ஒரு டீம் வரவும் முடியாது, லீக் விதியிலயே தடுத்துட்டாங்க, பாக்கர்ஸ் மட்டும் பழைய சலுகையில நிக்குது. 2008ல ஊரே சாமியா கும்பிட்ட குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ரை விட்டுட்டு ஆரோன் ராஜர்ஸ்கிட்ட பொறுப்பைக் குடுத்தாங்க. 2020ல ராஜர்ஸ் இருக்கும்போதே அவர் இடத்துக்கு ஜோர்டன் லவ்வை ஃபர்ஸ்ட் ரவுண்ட்ல எடுத்தாங்க. ரெண்டு தடவையும் ரசிகர்கள் கொதிச்சாங்க. அங்க மைக் முன்னாடி நின்னு பேரு வாங்கணும்னு யாருக்கும் அவசியம் இல்ல, அதனால ஜெனரல் மேனேஜர் 5 வருஷம் தள்ளி யோசிக்க முடியுது. ஓனர் இல்லன்னா கோப்பை கொட்டும்னு சொல்ல வரல, 30 வருஷத்துல அவங்களும் ரெண்டுதான் ஜெயிச்சிருக்காங்க. ஆனா 2024 ஜனவரியில எங்க வீட்டுலயே வந்து 48-32னு எங்களை ப்ளேஆஃப்ல இருந்து, அதாவது சீசன் முடிவுல வர்ற நாக்அவுட் சுத்துல இருந்து, தூக்கி எறிஞ்சவங்களும் அவங்கதான்.

நாங்களாவது பரவாயில்லன்னு நினைக்க வெச்சது வாஷிங்டன். டேனியல் ஸ்னைடர் 1999ல 34 வயசுல 80 கோடி டாலருக்கு அந்த டீமை வாங்கினார். 24 சீசன், ப்ளேஆஃப்ல ரெண்டே வெற்றி. வயசான பெரிய பேருங்களைத் தேடித் தேடி வாங்கினார், 2009ல ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த்துக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் குடுத்தார், அவர் ரெண்டு வருஷம்கூட ஒழுங்கா ஆடல. அலுவலகத்துல பெண்கள் பட்ட கஷ்டம் வெளிய வந்து, விசாரணை நடந்து, கடைசியில 6 கோடி டாலர் அபராதம். 2023ல வித்துட்டுப் போகும்போது டீம் விலை 605 கோடி டாலர். இத்தனை வருஷம் ரசிகன் அழுதான், அந்த ஆள் வாங்கின விலைக்கு ஏழு மடங்குக்கு மேல வித்துட்டுப் போனார். தோத்தா இன்னும் நல்ல டிராஃப்ட் பிக், டிவி பணத்துல சம பங்கு, டீம் விலை வருஷா வருஷம் ஏறும், அப்புறம் எதுக்கு அவர் மாறணும்? புது ஓனர்கள் வந்து, ஜெனரல் மேனேஜரை வேலை பார்க்க விட்டு, ரெண்டாவது சீசன்லயே, 2024ல, புது குவார்ட்டர்பேக் ஜெய்டன் டேனியல்ஸோட 12-5, நேரா கான்ஃபரன்ஸ் ஃபைனல். எங்களுக்கு 30 வருஷமா கிடைக்காதது. அடுத்த சீசன் டேனியல்ஸுக்கு அடிபட்டு டீம் மறுபடி சரிஞ்சது வேற விஷயம். அந்த ஒரு வருஷம் அந்த ஊர்க்காரங்க முகத்தைப் பாத்திருக்கணும்.

கிளீவ்லாண்டைப் பத்தி எழுதினா எனக்கு ரத்தக்கொதிப்பு வரும், ஒரே வரி: 2022ல இருபதுக்கும் மேல பெண்கள் வழக்கு போட்டிருந்த குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை மூணு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் குடுத்து வாங்கி, மேல அவனுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோட குடுத்தாங்க.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா அதுல ஓனர் கெட்டவரா இருந்து திருந்தல, நல்லவராவே இருந்து தோத்துக்கிட்டு இருந்தார். ஆர்ட் ரூனி 1933ல ஆரம்பிச்ச டீம், ஊர்ல எல்லாருக்கும் பிடிச்ச மனுஷன், ஆனா 1972 வரைக்கும் ஒரு ப்ளேஆஃப் மேட்ச்கூட ஜெயிக்கல. 1955ல குவார்ட்டர்பேக் ஜானி யூனைட்டஸை டிராஃப்ட் பண்ணிட்டு ஆடவிடாமயே வெட்டிவிட்டாங்க, அவர் பால்டிமோர்ல போய் சரித்திரம் ஆனார். 1969ல மகன் டேன் ரூனி தேடிப்பிடிச்சு சக் நோலை கோச்சா கொண்டுவந்தார். முதல் வருஷம் 1-13. அடுத்து 5-9. அடுத்து 6-8. மூணு வருஷமும் தோல்விதான் அதிகம், கோச்சை மாத்தல. நாலாவது வருஷம் 11-3, அப்புறம் 6 வருஷத்துல 4 சூப்பர் பவுல். நோல், கவர், டாம்லின், 1969ல இருந்து 2025 சீசன் வரைக்கும் மூணே கோச். 6-8 முடிஞ்ச அந்த 1971 டிசம்பர்ல ரூனி வீட்டு சாப்பாட்டு மேசையில என்ன பேசியிருப்பாங்கன்னு எனக்கு ஆசையா இருக்கும், யாராவது ஒருத்தராவது போதும்பா, ஆளை மாத்திடலாம்னு சொல்லியிருப்பாங்க இல்ல.

நியூ இங்கிலாந்து டீமோட ஓனர் ராபர்ட் கிராஃப்ட்டும் ஆரம்பத்துல ஜோன்ஸ் பாதையிலதான் போனார். 1996 டிராஃப்ட்ல கோச் பார்செல்ஸ் ஒண்ணு கேட்டார், மேல இருக்கிறவங்க வேற ஆளை எடுத்தாங்க, சமைக்கச் சொல்றீங்கன்னா மளிகை வாங்கவாவது விடுங்கன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு பார்செல்ஸ் போயிட்டார். அதுக்கப்புறம் 2000ல பில் பெலிச்சிக்கை ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கையே குடுத்துக் கோச்சா கொண்டுவந்து, மளிகைக்கடையையே அவர்கிட்ட குடுத்துட்டார். ஆறு சூப்பர் பவுல். அங்கயும் கடைசியில பேரு யாருக்குங்கிற பிரச்சனை வராம இல்ல, குவார்ட்டர்பேக் டாம் பிரேடி போனார், பெலிச்சிக் போனார், ஆனா அது 20 வருஷம் கழிச்சு வந்துச்சு, ஜோன்ஸுக்கு அஞ்சு வருஷத்துலயே வந்துருச்சு.

நியாயமா இதையும் சொல்லணும். 1995ல லீக்கை எதிர்த்து ஜோன்ஸ் தனியா நைக்கி, பெப்சியோட ஒப்பந்தம் போட்டார், லீக் அவர் மேல கேஸ் போட்டுச்சு, அவர் திருப்பி கேஸ் போட்டார், கடைசியில சமாதானம் ஆச்சு. இன்னிக்கு எல்லா ஓனரும் அதே வழியில காசு பாக்குறாங்க. கவ்பாய்ஸ் மதிப்பு 1,000 கோடி டாலரைத் தாண்டிடுச்சு, உலகத்துலயே விலை உயர்ந்த டீம். யார் சொல்றதையும் கேக்காத அதே குணம்தான் பிசினஸ்ல அவரை ராஜாவாக்குச்சு. பிசினஸ்ல யாருக்கும் உச்சவரம்பு கிடையாது, தைரியசாலி ஓடிட்டே போகலாம். மைதானத்துல எல்லாருக்கும் ஒரே வரம்பு, அங்க தைரியத்தை விட பொறுமைக்கும் கேக்குற காதுக்கும்தான் மதிப்பு. ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்னு எதிர்பாக்குறது அநியாயம்தான். அதுக்குத்தான் ஜெனரல் மேனேஜர்னு ஒரு வேலையே இருக்கு.

2023 டிசம்பர் 30 அன்னிக்கு ஜிம்மி ஜான்சன் பேரை ஸ்டேடியத்து ரிங் ஆஃப் ஆனர்ல, அதாவது டீமோட பெரிய தலைங்க பேர் வரிசையில சேத்தாங்க. ரெண்டு பேரும் பிரிஞ்சு 29 வருஷம் ஆச்சு. பழைய ஆட்டக்காரங்க சுத்தி நிக்க ஜான்சன் மைக்கைப் பிடிச்சுப் பேசினார், ஜோன்ஸ் பக்கத்துல நின்னு சிரிச்சார். ரெண்டு பேருக்கும் 80 வயசு தாண்டியாச்சு. நான் பெரியவருக்கு ஃபோன் பண்ணினேன். அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், இன்னும் மூணு கோப்பையாவது வந்திருக்கும்பான்னார்.

2025 செப்டம்பர் 28, பார்சன்ஸைக் குடுத்து ஒரு மாசம். ஷெட்யூல்ல அதே கிரீன் பே அர்லிங்டனுக்கு வருது, ஞாயிறு ராத்திரி மேட்ச். என் பையன்கிட்ட இருக்கிற ஒரே ஜெர்சி பார்சன்ஸோட 11, போன பிறந்தநாளுக்கு நான் வாங்கிக்குடுத்தது. அதைப் போட்டுட்டு வந்து சோஃபாவுல உக்காந்தான். அப்பா, இதைப் போட்டுக்கலாமா, இது இப்போ அந்த டீம் ஆச்சேன்னான். போட்டுக்கோடா, அதுல நம்ம டீமோட ஸ்டார் சின்னம்தானே இருக்குன்னேன். நாலு குவார்ட்டர் முடிஞ்சு சமம், ஓவர்டைம். முதல்ல பந்து எங்களுக்கு, கோல் லைன் பக்கத்துல போயிட்டோம், டாக் ஓடப் பாக்குறான், பின்னாடியே வந்து பிடிச்சு நிறுத்தினது பார்சன்ஸ். டச்டவுன் போச்சு, மூணு பாயிண்டோட நிறுத்திக்கிட்டோம். அவங்களும் மூணு போட்டாங்க, 40-40, டிரா. பார்சன்ஸ் டாக்கைப் பிடிச்ச அந்த நிமிஷம் பையன் பழக்கதோஷத்துல கையைத் தூக்கிக் கத்திட்டான், அப்புறம் என் முகத்தைப் பாத்துட்டுக் கையை மெதுவா இறக்கிக்கிட்டான்.